மஞ்சள் முக்கோணம் சொல்வது என்ன?

மாலை நேரம். பருத்திக் காட்டிலிருந்து ஒருவர் வீடு திரும்புகிறார். பகல் முழுவதும் முதுகில் தெளிப்பானைச் சுமந்தவர். புழுவுக்கு மருந்து அடித்தவர். திண்ணையில் உட்கார்ந்து முகத்தைத் தேய்த்துக் கொள்கிறார்.

"என்னங்க, முகம் இப்படிச் சிவந்து கிடக்குது?" என்று மனைவி கேட்கிறார்.

"மிளகாய்ப் பொடி பட்ட மாதிரி எரியுது. வெயில் அதிகம் இல்லையா? தூங்கி எழுந்தால் சரியாப் போயிடும்."

"கை கால் கழுவினீங்களா?"

"வாய்க்காலில் கழுவினேன். டப்பாவையும் அங்கேயே அலசிட்டேன். புழு எல்லாம் பொத்துப் பொத்துன்னு விழுந்துடுச்சு. இன்னும் ஒரு வாரம் கழிச்சு மறுபடியும் அடிக்கணும்."

பருத்தி விளையும் ஊர்களில் இப்படிப்பட்ட பேச்சைக் கேட்கலாம். இதில் மூன்று செய்திகள் இருக்கின்றன. முகம் எரிவது வெயிலால் அல்ல. டப்பாவை அலசிய வாய்க்காலில் மீன் பிழைக்காது. செத்து விழுந்த புழு மீண்டும் ஏன் வருகிறது என்று அவர் யோசிக்கவில்லை.

அவர் அடித்த மருந்தின் பெயர் சைபர்மெத்ரின். நாம் அதை மருந்து என்கிறோம். மருந்து என்றால் நோயைத் தீர்ப்பது. இதுவோ உயிரைக் கொல்வது. இதற்குச் சரியான பெயர் நஞ்சு. அந்த நஞ்சைப் பற்றித் தெரிந்து கொள்வோம்.

பூவில் பிறந்த நஞ்சு

சாமந்தி இனத்தில் ஒரு வகைச் செடி உண்டு. அதன் பூ வெள்ளை இதழும் மஞ்சள் நடுப்பகுதியும் கொண்டது. இந்தப் பூவைக் காய வைத்துப் பொடி செய்தால் பூச்சிகள் சாகும். வெகு காலத்துக்கு முன்பே மக்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். இந்தப் பொடிக்குப் பைரித்ரம் என்று பெயர். பேன், கொசு, மூட்டைப்பூச்சி ஆகியவற்றை ஒழிக்க இது பயன்பட்டது.

ஆனால் பூவின் நஞ்சு வெயில் பட்டால் சீக்கிரம் கெட்டுவிடும். வீட்டுக்குள் பயன்படும். வயலில் நிற்காது.

1970களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் மைக்கேல் எலியட் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் ஒரு வழி கண்டார்கள். பூவின் நஞ்சைப் போன்ற பொருள்களை ரசாயன முறையில் செய்தார்கள். அவை வெயிலிலும் பல நாட்கள் நின்றன. இந்தக் குடும்பத்துக்குப் பைரித்ராய்டு என்று பெயர். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், பென்வலரேட், லாம்டா சைஹாலோத்ரின் ஆகியவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பெயரின் கடைசியில் 'த்ரின்' என்று வந்தால் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். கொசுவர்த்திச் சுருளிலும் கொசு மேட்டிலும் இருப்பவை இவற்றின் உறவுகளே.

1980களில் இவை இந்தியப் பருத்தி வயல்களில் பரவின. அதற்கு முன் டி.டி.டி., பி.எச்.சி. போன்றவற்றைக் கிலோ கணக்கில் கொட்டினார்கள். அவை மண்ணிலும் உடலின் கொழுப்பிலும் ஆண்டுக்கணக்கில் தங்கும். பைரித்ராய்டு சில கிராமே ஓர் ஏக்கருக்குப் போதும். அப்படி நெடுங்காலம் உடலில் தங்குவதும் இல்லை. ஆகவே எல்லோரும் மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சியில் ஒரு தவறு நடந்தது. 'குறைந்த ஆபத்து' என்பதை 'ஆபத்தே இல்லை' என்று எடுத்துக் கொண்டார்கள்.

நரம்பில் என்ன நடக்கிறது?

நம் உடலில் செய்தி கொண்டு போகும் கம்பிகள் நரம்புகள். கையில் தீ பட்டால் உடனே இழுத்துக் கொள்கிறோம். நரம்பு வழியாகச் செய்தி ஓடுவதுதான் காரணம். நரம்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. கதவு திறந்தால் செய்தி போகும். மூடினால் நிற்கும்.

பைரித்ராய்டு இந்தக் கதவுகளை மூட விடாது. திறந்த கதவுக்குக் கல்லை முட்டுக் கொடுத்தது போல நிற்கும். நரம்பில் செய்தி ஓயாமல் ஓடும். பூச்சி துடிக்கும். நடுங்கும். செயலற்று விழும். அதனால்தான் அடித்த சில நிமிடங்களிலேயே புழு பொத்தென்று விழுகிறது.

பூச்சியின் நரம்பில் இருக்கும் கதவுகள் நம் நரம்பிலும் உண்டு. அப்படியானால் நாம் ஏன் உடனே விழுவதில்லை? நம் உடல் பெரியது. நம் கதவுகளில் இந்த நஞ்சு அவ்வளவு இறுகப் பிடிப்பதில்லை. நம் கல்லீரல் இதை வேகமாக உடைத்து வெளியேற்றிவிடுகிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஓர் அளவு உண்டு. அளவு மீறினால் நமக்கும் ஆபத்துதான்.

முகம் ஏன் எரிந்தது?

தோலின் அடியில் நரம்பு நுனிகள் இருக்கின்றன. நஞ்சு தோலில் பட்டதும் அந்த நுனிகளைத் தாக்குகிறது. எரிச்சல், அரிப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்ச்சி, மரமரப்பு ஆகியவை வருகின்றன. முகத்தில்தான் இது அதிகம். பட்ட உடனே தெரியாமல் அரை மணி முதல் சில மணி நேரம் கழித்துத் தெரியலாம். வெயிலும் வியர்வையும் தேய்ப்பதும் எரிச்சலைக் கூட்டும். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும்.

அடங்கிவிடுவதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இந்த எரிச்சல் ஓர் எச்சரிக்கை மணி. 'நஞ்சு உன் மேல் பட்டிருக்கிறது, நீ சரியான பாதுகாப்போடு அடிக்கவில்லை' என்று உடம்பு சொல்கிறது.

நஞ்சு வயிற்றுக்குள் போனால் நிலைமை வேறு. வயிற்று வலி, வாந்தி, தலைவலி, மயக்கம் வரும். தசைகள் துடிக்கும். அதிகமானால் வலிப்பு வரும். நினைவு தப்பும். உயிரும் போகலாம். மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் எண்ணெய் போன்ற திரவமும் கெடுதலானது. அது நுரையீரலுக்குள் போனால் மூச்சுத் திணறல் ஏற்படும்.

குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கருவிலும் சிறு வயதிலும் இந்த நஞ்சு மூளை வளர்ச்சியைப் பாதிக்குமோ என்று சில ஆய்வுகள் கவலை எழுப்பியுள்ளன. மருந்து அடித்த துணியைத் துவைப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். அவர் வயலுக்கே போகாமல் இருக்கலாம். நஞ்சு துணியோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது.

இன்னொன்று. தலைப் பேனுக்கும் கட்டில் மூட்டைப்பூச்சிக்கும் வயல் மருந்தைத் தடவுபவர்கள் உண்டு. இது மிகவும் ஆபத்து. மாட்டு உண்ணிக்கும் வயல் மருந்து கூடாது. அதற்குத் தனி மருந்து இருக்கிறது. கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

இரண்டு நஞ்சு சேர்ந்தால்

2017ஆம் ஆண்டு. மகாராஷ்டிர மாநிலம், யவத்மால் மாவட்டம். பருத்தி அந்த ஆண்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. புழுவும் அதிகம். விவசாயிகளும் கூலித் தொழிலாளிகளும் தலைக்கு மேலே தெளிப்பானைத் தூக்கி அடித்தார்கள். தெளித்த நஞ்சு அவர்கள் மேலேயே விழுந்தது. மூச்சிலும் போனது. நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 20 பேர் வரை இறந்தார்கள். பலருக்குக் கண் பார்வை பாதிக்கப்பட்டது.

அங்கே அடித்தவை பல வகை நஞ்சுகள். அவற்றில் ஒன்று புரோபெனோபாஸ் என்ற நஞ்சும் சைபர்மெத்ரினும் சேர்ந்த கலவை. புரோபெனோபாஸ் ஆர்கனோபாஸ்பரஸ் என்னும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அது மனிதருக்கு அதிகக் கேடு செய்வது. அதோடு நிற்பதில்லை. பைரித்ராய்டை உடைத்து வெளியேற்றும் வேலையை நம் உடலில் சில பொருள்கள் செய்கின்றன. ஆர்கனோபாஸ்பரஸ் அவற்றை முடக்கிவிடும். காவல்காரனைக் கட்டிப் போட்டுவிட்டுத் திருடனை உள்ளே விட்டது போல ஆகிவிடும். ஆகவே இரண்டும் சேர்ந்தால் ஆபத்து கூடும். கடைக்காரர் சொன்னார் என்றோ, பக்கத்து வயல்காரர் சொன்னார் என்றோ மருந்துகளை நாமாகக் கலக்கக் கூடாது.

உடனே என்ன செய்ய வேண்டும்?

தோலில் பட்டால்: நனைந்த துணியைக் கழற்றுங்கள். சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம். அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

கண்ணில் பட்டால்: சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரம் ஊற்றிக் கழுவுங்கள். பிறகு மருத்துவரிடம் போங்கள்.

விழுங்கிவிட்டால்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புக் கரைசலும் சாணக் கரைசலும் கொடுக்காதீர்கள். வாந்தி எடுக்கும்போது நஞ்சு நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வலிப்பு வந்தால் வாயில் எதையும் திணிக்காதீர்கள். உடனே 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள். இது மிக முக்கியம். ஏன்?

ஆர்கனோபாஸ்பரஸ் நஞ்சுக்கு அட்ரோபின் என்ற மாற்று மருந்து உண்டு. அதை நிறையக் கொடுக்க வேண்டியிருக்கும். பைரித்ராய்டுக்கு அப்படித் தனி மாற்று மருந்து கிடையாது. வலிப்பை அடக்கி, மூச்சைக் காத்துத்தான் பிழைக்க வைக்க வேண்டும். பைரித்ராய்டு குடித்தவருக்குத் தவறுதலாக அட்ரோபினை அளவுக்கு மேல் கொடுத்தால் அதுவே கேடாகும். குடித்தது எது என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியாகச் சிகிச்சை செய்ய முடியும். 'ஏதோ பூச்சி மருந்து' என்று சொன்னால் போதாது. பாட்டிலில் உள்ள பெயர் ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

டில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் தேசிய நஞ்சுத் தகவல் மையம் இருக்கிறது. அதன் கட்டணமில்லாத தொலைபேசி எண் 1800 116 117. மருத்துவர்களும் இதில் ஆலோசனை கேட்கலாம்.

வாய்க்காலில் என்ன நடந்தது?

இப்போது அந்த டப்பா அலசிய வாய்க்காலுக்கு வருவோம்.

மீனின் உடலால் பைரித்ராய்டை வேகமாக உடைக்க முடியாது. அதன் செவுள் தண்ணீரில் உள்ள நஞ்சை உறிஞ்சிக் கொள்ளும். ஆகவே மிகச் சிறிய அளவே மீனைக் கொல்லும். எவ்வளவு சிறியது? ஒரு தண்ணீர் லாரி 10,000 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக் கொள்வோம். அப்படி 100 லாரித் தண்ணீரில் சில கிராம் சைபர்மெத்ரின் கலந்தால் போதும். அதில் பல வகை மீன்கள் பிழைக்காது. இறாலும் நண்டும் அதைவிடக் குறைந்த அளவிலேயே செத்துவிடும். மீனும் நண்டும் பல ஏழை வீடுகளில் குழம்புக்கு வழி. குளத்து மீன் ஊருக்கே வருமானம்.

பட்டுப் புழுவும் ஒரு புழுதான். பக்கத்து வயலில் அடித்த பைரித்ராய்டு காற்றில் வந்து மல்பெரி இலையில் படிந்தால் போதும். கூடு கட்ட வேண்டிய புழுக்கள் துடித்துச் சாகும்.

தேனீயையும் இது கொல்லும். தேனீ இல்லாவிட்டால் பூசணி, சுரை, சூரியகாந்தி போன்ற பயிர்களில் காய் பிடிப்பது குறையும்.

செத்த புழு ஏன் திரும்பி வந்தது?

வயலில் எல்லாப் பூச்சியும் எதிரி அல்ல. பொறிவண்டு அசுவினியைத் தின்னும். சிலந்தி தத்துப்பூச்சியைப் பிடிக்கும். பச்சை இறக்கைக் கண்ணாடிப் பூச்சியின் குஞ்சு, புழுக்களின் முட்டைகளை உறிஞ்சிக் குடிக்கும். இவை சம்பளம் வாங்காத கூலியாட்கள். பைரித்ராய்டு இவற்றையும் சேர்த்துக் கொன்றுவிடும். பிறகு வரும் எதிரிப் பூச்சிக்குக் காவலே இல்லை. பருத்தியில் வெள்ளை ஈ பெருகும். நெல்லில் புகையான் பெருகும். இது அனுபவத்தில் கண்ட உண்மை.

இன்னொரு காரணமும் உண்டு. 1,000 புழுக்களுக்கு மருந்து அடிக்கிறோம். 998 சாகின்றன. 2 சாகவில்லை. பிறவியிலேயே அவற்றுக்குத் தாங்கும் சக்தி இருக்கிறது. அந்த இரண்டும் குட்டி போடும் கூட்டமே அடுத்த தலைமுறை. மறுபடி அடிக்கிறோம். இன்னும் கொஞ்சம் பிழைக்கின்றன. சில ஆண்டுகளில் மருந்துக்கு அசையாத புழுக்களே வயல் முழுவதும் நிறைகின்றன. வேறு யாரும் அல்ல, நாமே பொறுக்கி எடுத்து வளர்த்த புழுக்கள் அவை.

ஆந்திரப் பிரதேசத்தில் இதுதான் நடந்தது. குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் 1980களில் பருத்தி பரவியது. அதோடு பைரித்ராய்டும் பரவியது. முதலில் நல்ல விளைச்சல். பிறகு வெள்ளை ஈ பெருகியது. 1987ல் அமெரிக்கன் காய்ப்புழு எந்தப் பைரித்ராய்டுக்கும் சாகவில்லை. விவசாயிகள் ஒரே பருவத்தில் 20 முறைக்கு மேலும் அடித்தார்கள். மருந்துக் கடன் ஏறியது. பருத்தி வீட்டுக்கு வரவில்லை. கடன் தாங்காமல் பல விவசாயிகள் தற்கொலை செய்து கொண்டார்கள். பத்து ஆண்டு கழித்து, 1997-98ல் வாரங்கல் மாவட்டத்திலும் இதே துயரம் நடந்தது. புழுவைக் கொல்லாத நஞ்சு மனிதரைக் கொன்றது.

2002ல் பி.டி. பருத்தி வந்தது. சில ஆண்டுகள் புழுவுக்கு அடிப்பது குறைந்தது. பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதையும் தாங்கப் பழகிக் கொண்டது. தெளிப்பான் மறுபடியும் முதுகில் ஏறியது.

ஓர் ஊர் எடுத்த முடிவு

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் புனுகுலா என்று ஓர் ஊர். இன்று அது தெலங்கானாவில் இருக்கிறது. அங்கும் பருத்தி, அங்கும் மருந்துக் கடன். 1999 வாக்கில் சிலர் மட்டும் ரசாயன நஞ்சு இல்லாமல் பயிர் செய்து பார்த்தார்கள். வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தார்கள். பூச்சிகளைக் கவரும் பொறிகளை வைத்தார்கள். செலவு குறைந்தது. விளைச்சல் விழவில்லை. மற்றவர்களும் சேர்ந்தார்கள். பெண்கள் குழுக்கள் முன்னே நின்றன. சில ஆண்டுகளில் 'எங்கள் ஊரில் பூச்சி மருந்து இல்லை' என்று ஊரே அறிவித்தது.

நாமும் செய்யக் கூடியவை இவை.

* விதைப்பதற்கு முன் கோடை உழவு செய்யுங்கள். மண்ணில் உறங்கும் கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் பறவைகளாலும் அழியும்.
* பருத்தி எடுத்து முடிந்ததும் கட்டைகளை வயலில் விடாதீர்கள். இளஞ்சிவப்புக் காய்ப்புழு அவற்றில்தான் தங்கும்.
* வயலைச் சுற்றி ஆமணக்கு, இடையிடையே செண்டுமல்லி, தட்டைப்பயறு நடுங்கள். எதிரிப் பூச்சி அங்கே போகும். நண்பர்களும் பெருகும்.
* பறவைகள் உட்காரக் குச்சி நட்டு வையுங்கள். அவை புழுவைப் பொறுக்கித் தின்னும்.
* 5 கிலோ வேப்பம் பருப்பை இடித்து இரவு ஊற வைத்து வடிகட்டி, 100 லிட்டர் கரைசலாக்கி அடிக்கலாம்.
* இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். எண்ணிப் பாருங்கள். ஒரு பொறியில் தொடர்ந்து 3 இரவுகள் 8 இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்துப்பூச்சிகள் விழுந்தால்தான் மருந்து பற்றி யோசிக்க வேண்டும். ஒரு புழுவைக் கண்டதும் ஓடிப் போய் வாங்க வேண்டாம்.

அடித்தே ஆக வேண்டும் என்றால், முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி, கண்ணாடி அணியுங்கள். காற்றுக்கு எதிராக அடிக்காதீர்கள். கையால் கலக்காதீர்கள். அடைத்த குழாயை வாயால் ஊதாதீர்கள். நடுவில் பீடி, வெற்றிலை வேண்டாம். தேனீ திரும்பிய பிறகு, மாலையில் அடியுங்கள். காலி பாட்டிலை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றுங்கள். பிறகு பாட்டிலை நசுக்கிவிடுங்கள். எண்ணெய் வைக்கவும் தண்ணீர் குடிக்கவும் அது கூடாது. சந்தேகம் இருந்தால் கிசான் கால் சென்டரை அழையுங்கள். எண் 1800 180 1551. கட்டணம் கிடையாது.

பாட்டிலைப் படிப்போம்

இப்போது ஒரு பாட்டிலைக் கையில் எடுங்கள். மூடியைத் திறக்க வேண்டாம். மேலே ஒட்டிய தாளைப் பாருங்கள்.

ஒரு சாய்ந்த சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி ஒரு முக்கோணம். அதில் நிறம் இருக்கும். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் இதைக் கட்டாயமாக்கின. சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் அடுத்த நிலை, அதுவும் கொடியதே. பிறகு நீலம். கடைசியில் பச்சை. சைபர்மெத்ரின் பாட்டிலில் பெரும்பாலும் மஞ்சள் இருக்கும். பச்சையும் 'ஆபத்தில்லை' என்ற அடையாளம் அல்ல.

தாளில் இன்னும் பல செய்திகள் உண்டு. நஞ்சின் பெயர், எந்தப் பயிருக்கு, எவ்வளவு, எந்தத் தேதி வரை, முதலுதவி என்ன, மாற்று மருந்து என்ன? அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதும் அதிலோ உள்ளே உள்ள துண்டுத் தாளிலோ இருக்கும். அந்தக் காத்திருப்பு நாளுக்கு முன் கத்தரிக்காயைப் பறித்தால் நஞ்சும் சேர்ந்து சந்தைக்குப் போகும். எழுத்து சின்னதாக இருக்கும். பொறுமையாகப் படியுங்கள். கண் தெரியாவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். பாட்டிலை மட்டும் பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம்.

ஒன்றை மறக்காதீர்கள். அந்த முக்கோணத்தின் நிறம் மனிதருக்கு உள்ள ஆபத்தை மட்டுமே சொல்கிறது. மீனுக்கு எவ்வளவு ஆபத்து, தேனீக்கு எவ்வளவு ஆபத்து என்று அது சொல்லாது. நமக்கு மஞ்சளாக இருப்பது மீனுக்குச் சிவப்பைவிடச் சிவப்பு. அதை நாம்தான் தெரிந்து கொண்டு நடக்க வேண்டும்.

திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் முகம் இன்னும் எரிகிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படித்துக் காட்டுங்கள். அவருக்கு முதலில் வேண்டியது சோப்பும் குளிர்ந்த தண்ணீரும். அடுத்த வாரம் கடைக்குப் போவதற்கு முன் அவர் ஒரு முறை வயலுக்குப் போய்ப் பொறியை எண்ணிப் பார்க்கட்டும்.

யோசித்துப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் உள்ள பாட்டில்களில் என்ன நிற முக்கோணம் இருக்கிறது? அவை எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன?
2. உங்கள் ஊரில் காலி பாட்டில்கள் எங்கே போகின்றன?
3. உங்கள் வயலில் உள்ள நண்பர்களில் எத்தனை பேரை உங்களுக்கு அடையாளம் தெரியும்?
4. கூலிக்கு மருந்து அடிப்பவருக்குக் கையுறையும் முகமூடியும் வாங்கித் தருவது யார் பொறுப்பு?